ஓட்டைப் புள்ளி

கார்ட்டூன் தொடர் எடுக்க வந்தவர்கள் முதலில் அனுப்பியது நாற்பத்து மூன்று கேள்விகள். முதல் கேள்வியே இப்படி இருந்தது: 'நாளை மாமாவுக்கு இடுப்புக்குக் கீழே கால் உண்டா?'

தம்பி அதைப் படித்துவிட்டு வெகு நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்தொன்பது வருடமாக, வாரத்துக்கு ஆறு நாள், பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் நான்கு கட்டத்துக்குள் அவன் வரைந்துவரும் தையல்காரர்தான் நாளை மாமா. தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான், இதுவரை எழுந்ததே இல்லை. துணியை வாங்கி அலமாரியில் செருகிவிட்டு, "நாளைக்குக் கண்டிப்பா தந்துடறேன்" என்று சொல்வதற்குக் கால் எதற்கு?

"மெஷின் ஓடுதே அக்கா, அப்போ கால் இருக்கத்தானே வேணும்" என்றான்.

"மெஷின் என்னைக்குடா ஓடிச்சு?" என்றாள் அக்கா, எதிர்ப்பக்கத்தில் பேனா முனையைத் துடைத்துக்கொண்டே.

இருவருக்கும் ஒரே மேஜை. ஜன்னல் பக்கம் தம்பி, சுவர்ப் பக்கம் அக்கா, நடுவில் மைப்புட்டி. கோட்டுக்காகத் தம்பியை ஊரே 'கோடு' என்று கூப்பிட்டது. அக்காவை 'எழுத்தக்கா' என்றார்கள், ஏனென்றால் பாத்திரங்கள் பேசும் வட்டத்துக்குள் எழுத்தை எழுதுகிறவள் அவள். தம்பிக்கு வயது ஐம்பத்திரண்டு, அக்காவுக்கு ஐம்பத்தெட்டு. ஆனாலும் கேள்வித்தாள் வந்த அன்று இருவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்து பதில் எழுதினார்கள்.

கேள்விகளும் லேசுப்பட்டவை அல்ல. கடைச் சுவரில் இருக்கும் கடிகாரம் எப்போதும் நாலு பத்து காட்டுகிறதே, அது ஓடுமா? ஓடாது என்று எழுதினான் தம்பி. ஓடினால் நாளை வந்துவிடும், நாளை வந்தால் மாமா மாட்டிக்கொள்வார். மெஷின் மேல் படுத்திருக்கும் பூனைக்கு நாலாவது கால் எங்கே? அதைத்தான் தம்பியும் பத்தொன்பது வருடமாகத் தேடுகிறானாம். முதல் நாளே கல்யாணச் சட்டைக்குத் துணி கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? சட்டை இல்லாமல் எப்படி ஆகும்?

முப்பத்தெட்டாவது கேள்வி நிறத்தைப் பற்றியது. பத்திரிகையில் எல்லாம் கறுப்பு வெள்ளை. மாமாவின் மகள் சிட்டு, இரண்டு பை வைத்த கவுன் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்தத் துணி அலமாரியின் மேல் தட்டில் மடித்தபடி இருக்கும். அது என்ன நிறம்?

தம்பி யோசிக்கவே இல்லை. "நீலக் கட்டம்" என்று எழுதினான்.

அக்காவின் கையிலிருந்த பேனா ஒரு கணம் நின்றது. பிறகு ஒன்றும் நடக்காதது போல முப்பத்தொன்பதாவது கேள்வியைப் படித்தாள்.

அந்த நீலக் கட்டத்தின் கதையை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துப் பிறகு எடுத்துக் காட்டுவதில் எனக்கு இஷ்டமில்லை. இவர்களுடைய அப்பா நிஜமாகவே தையல்காரர். தம்பிக்கு ஆறு வயதில், பள்ளிக்குப் போட ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை தைத்துத் தருவதாகச் சொன்னார். நாளைக்கு என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். தம்பி ஒவ்வொரு நாளும் நம்பினான். அப்பாவுக்கு வேலை அதிகம், பாவம் மறந்துவிடுகிறார் என்று நினைத்தான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறான். அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வேறொருவர் கொடுத்த துணி குறைந்துபோக, அந்த நீலக் கட்டத்தை வெட்டி அப்பா ஒட்டுப் போட்டதை அவள் கண்ணால் பார்த்தாள். முதல் 'நாளைக்கு' சொல்லும்போதே துணி இல்லை. அதைத் தம்பியிடம் அவள் சொல்லவே இல்லை.

பிறகு தம்பி பெரியவனாகி நாளை மாமாவை வரைந்தபோது, மாமா ஒரு வெகுளி என்று சொன்னான். வாயால் சொல்வதை மனதாரச் சொல்கிறவர், நேரம்தான் அவரை ஏமாற்றுகிறது என்றான். அக்கா தலையாட்டினாள். எழுதும்போதுதான் அவள் கை தனியாக ஒரு காரியம் செய்தது.

தம்பிக்குக் கோடு கைவந்த கலை. எழுத்து மட்டும் கோழி கிளறிய குப்பை, அதிலும் புள்ளி வைக்கவே மாட்டான். பென்சிலால் 'நாளைககுக கணடிபபா தநதுடறேன' என்று கிறுக்கித் தள்ளிவிட்டு, "புள்ளியெல்லாம் நீ பாத்துக்கோக்கா" என்பான்.

அக்கா பார்த்துக்கொண்டாள். கொஞ்சம் அதிகமாகவே பார்த்துக்கொண்டாள். முதல் நாள், அந்த வாக்கியத்துக்கு ஆறு புள்ளி வைக்க வேண்டிய இடத்தில், மையால் நிரப்பாமல் ஆறு சின்ன வட்டம் போட்டுவிட்டாள். உள்ளே காலி. மெய்யெழுத்து என்றுதானே பெயர்? மெய்யின் தலையிலேயே பொய்யை ஏற்றி உட்கார வைத்தாள். அன்றிலிருந்து மாமா பொய் சொன்னால் ஓட்டைப் புள்ளி, நிஜம் சொன்னால் கெட்டிப் புள்ளி. யாரிடமும் சொல்லவில்லை. புள்ளியைப் பார்த்துச் சிரித்தேன் என்று எந்த வாசகரும் எழுதிப் போட்டதும் இல்லை. ஆனால் காலையில் பத்திரிகையைப் பின்பக்கமாகத் திருப்புகிற கண்ணுக்குத் தெரிந்துவிடும், இந்த ஆள் அளக்கிறார் என்று. வாய்க்குத்தான் காரணம் சொல்லத் தெரியாது.

ஆக, ஒரே மேஜையில் இரண்டு மாமாக்கள் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். தம்பியின் மாமா வெகுளி, அக்காவின் மாமா புளுகர். இருவரும் ஒரே மீசையோடு பத்தொன்பது வருடம் ஓட்டிவிட்டார்கள். பேசும் படமாக மாறினால் மட்டும் யாராவது ஒருவர்தான் வாய் திறக்க முடியும்.

*

கார்ட்டூன் தயாரிக்கும் இடம் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. ஒவ்வொரு மேஜையிலும் திரை ஒன்று, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று. அங்கே வேலை செய்பவர்கள் கண்ணாடியைப் பார்த்து உதட்டைச் சுழிப்பார்கள், புருவத்தைத் தூக்குவார்கள், அதையே வரைவார்கள். முதல் நாள் அக்கா உள்ளே நுழைந்தபோது பதினோரு பேர் ஒரே சமயத்தில் தங்களுக்குத் தாங்களே அழகு காட்டிக்கொண்டிருந்தார்கள். தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று வாசல் பலகையை மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

எல்லாருக்கும் மேலே இருந்த டைரக்டர் முப்பது வயதுப் பெண். கொண்டையில் எப்போதும் நாலு பென்சில் செருகியிருப்பாள், ஐந்தாவது பென்சிலைத் தேடிக்கொண்டிருப்பாள். மாமாவுக்குக் கால் வரைய அவளுக்கு மூன்று வாரம் ஆயிற்று. வந்த கால்கள் மாமாவைவிட இளமையாக இருந்தன. நடந்து பார்த்தார், சரிப்படவில்லை. கடைசியில், எட்டு நிமிடம் ஓடும் மாதிரிப் படத்தில் மாமாவை மறுபடி உட்கார வைத்துவிட்டார்கள். மூன்று வாரத்துக் காலும் மெஷினுக்குப் பின்னால் போய்விட்டது.

மாதிரிப் படத்தைப் பார்க்கத் தொலைக்காட்சியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். மாமா வாயைத் திறந்து, "நாளைக்குக் கண்டிப்பா தந்துடறேன்" என்றார். கணீரென்ற குரல், நெஞ்சிலிருந்து வந்தது. மாப்பிள்ளை ஏமாந்து திரும்பினார். சிரிக்க வேண்டிய இடத்தில் நாலு பேரில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். இன்னொருவர், இந்த மனுஷனுக்கு யாராவது உதவி செய்யக் கூடாதா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

அவர்களில் மூத்த அம்மாள் விளக்கைப் போடச் சொன்னார். பத்திரிகையில் இதைப் பார்த்துவிட்டுத் தினமும் காபி சிந்துகிறேன், இங்கே கண்ணீர் சிந்த வேண்டியிருக்கிறதே என்று வருத்தப்பட்டார். அடுத்த வியாழக்கிழமை மறுபடி வருவதாகவும், அன்றைக்கும் இப்படியே இருந்தால் வேறு கார்ட்டூனைப் பார்த்துக்கொள்ளப் போவதாகவும் தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் எதை மாற்றுவது என்று பேசிக்கொண்டிருந்தபோது, எழுத்துருக்காரர் அக்காவிடம் வந்தார். கடைப் பலகை, தலைப்பு எல்லாவற்றுக்கும் அக்காவின் கையெழுத்தையே கணினி எழுத்தாக மாற்றியவர் அவர். பழைய கட்டங்களில் இருந்த வசனம் முழுவதையும் அந்த எழுத்திலேயே அடித்து எல்லாருக்கும் கொடுத்திருந்தார். நல்ல மனிதர், பணிவாகவும் பேசுவார்.

"ஒரு சின்னக் குறை இருந்துச்சுக்கா. உங்க பேனா பாதி நேரம் மை விடல. புள்ளியெல்லாம் வெறும் வட்டமா நின்னு போச்சு. கவலைப்படாதீங்க, ஒண்ணு விடாம நிரப்பிட்டேன்" என்றார்.

அக்காவுக்கு யாரோ தன் தலையில் சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது. பத்தொன்பது வருடத்துப் பொய்யை ஒரே வாரத்தில் நிஜமாக்கிவிட்டு, பாராட்டுக்காக நிற்கிறார் மனிதர். "நன்றி" என்றாள். அந்தச் சொல்லில் இருக்கும் ஒரே புள்ளியும் ஓட்டைதான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு இதே யோசனை. படம் ஏன் அழுகிறது என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தால் தொடர் பிழைக்கும். ஆனால், 'இத்தனை வருஷமும் உன் முதுகுக்குப் பின்னால் உன் மாமாவைப் புளுகராக்கி வைத்திருந்தேன்' என்று தம்பியிடம் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பான். கேட்டால் நீலக் கட்டம் வரும். திறக்காவிட்டால் வியாழக்கிழமையோடு எல்லாம் முடியும், மூன்று வாரத்துக் கால் உட்பட. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

*

திங்கட்கிழமை மறுபடி குரல் பதிவு. சுவரெல்லாம் போர்வை தொங்கும் ஒரு சிறிய அறை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளரும் டைரக்டரும், அவர்களுக்குப் பின்னால் தம்பியும் அக்காவும். மாமாவுக்குக் குரல் கொடுப்பவர் விளம்பரங்களில் பெயின்ட் முதல் பேன் மருந்து வரை விற்றவர். 'வணக்கம்' என்றாலே எதையாவது வாங்கத் தோன்றும். அவர் தம்பியிடம் நேராகவே கேட்டார், இந்த மாமா நம்பிச் சொல்கிறாரா, அளந்துவிடுகிறாரா என்று.

"என் மாமா பொய் சொல்றவர் இல்ல" என்றான் தம்பி.

குரல்காரர் சொன்னபடியே செய்தார். ஏழு முறை பேசினார். ஒவ்வொரு முறையும் கேட்பவர் நெஞ்சு இன்னும் கொஞ்சம் கனத்தது. ஏழாவது முறை ஒலிப்பதிவாளரே, தான் தர வேண்டிய கைமாற்றை எண்ணிக் கலங்கியதாகச் சொன்னார். அதற்குள் கடிகார முள்ளில் ஏதோ சந்தேகம் என்று தம்பியை வெளியே கூப்பிட்டார்கள்.

அக்கா எழுந்தாள். எழுந்துவிட்டோம் என்பது அறைக்குள் போன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. குரல்காரருடைய தாளை வாங்கினாள், மாமா அளக்கும் இடத்துக் கெட்டிப் புள்ளியின் நடுவில் எல்லாம் வெள்ளை மை தொட்டு ஓட்டை போட்டாள், திருப்பிக் கொடுத்தாள்.

"இந்தப் புள்ளி காலியா இருக்கற இடத்துல குரலும் உள்ள காலியா இருக்கணும். சத்தத்தைக் குறைக்காதீங்க. சத்தம் இருக்கணும், ஆள் இருக்கக் கூடாது."

குரல்காரர் தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். "என் பொண்ணு, பாடமெல்லாம் படிச்சுட்டேன்னு சொல்ற மாதிரியா?"

"அதேதான்."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினார். "நாளைக்குக் கண்டிப்பா தந்துடறேன்." அதே ஆறு புள்ளி, அதே கணீர். ஆனால் உள்ளே ஒரு மனிதரும் வீட்டில் இல்லை. ஒலிப்பதிவாளர் நாற்காலியோடு பின்னால் சரிந்தார். டைரக்டர் குலுங்கிச் சிரித்ததில் கொண்டையிலிருந்து இரண்டு பென்சில் கீழே விழுந்தது. அப்போதுதான் கதவைத் திறந்த தம்பிக்கும் சிரிப்பு பீறிட்டு வந்தது. சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, என்ன மாற்றினீர்கள் என்று கேட்டபடி தாளை எடுத்தான்.

கோட்டோடு வாழ்கிறவன் கண். ஒரு பார்வை போதும்.

"இது பழசுலயும் இருக்கா?" என்றான். சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது, இறங்க மறந்த மாதிரி.

"இருக்கு."

"எப்போலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து."

தம்பி தாளை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான். "நான் சொல்றது ஒண்ணு, நீ எழுதறது ஒண்ணா? அப்போ இது யாரோட கார்ட்டூன்க்கா?"

பதிலுக்கு நிற்கவில்லை. போகிற போக்கில் டைரக்டரிடம் மட்டும் ஒன்று சொன்னான்: மாமா பொய் சொல்வதாக இருந்தால் தொடரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

*

அதற்குப் பிறகு மூன்று நாள் அந்த மேஜையில் நடந்ததை என்னவென்று சொல்ல. பத்திரிகை யாருக்காகவும் நிற்காது, அதனால் வேலை நடந்தது. பேச்சு மட்டும் நடக்கவில்லை. தம்பி மனைவிதான் தபால்காரி.

"அண்ணி, மை இருக்கான்னு கேக்கச் சொல்றார்" என்பாள். கேட்டவன் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பான்.

"இருக்குன்னு சொல்லும்மா."

"இருக்காம்" என்பாள் அவள், அந்தப் பக்கம் திரும்பி. பிறகு, தனக்கும் அடுப்பில் வேலை இருப்பதாகவும், புட்டி நடுவில்தான் இருப்பதாகவும், கண் எல்லாருக்கும் இரண்டு இருப்பதாகவும் பொதுவாகச் சுவரிடம் சொல்லிவிட்டுப் போவாள்.

சண்டை கட்டத்துக்குள்ளேயும் புகுந்தது. செவ்வாய்க்கிழமை தம்பி கொடுத்த தாளில் மாமாவின் மனைவி கத்தரிக்கோலோடு நின்று, "கூடவே இருந்து குழி பறிக்கறவங்களை என்னன்னு சொல்றது?" என்று கேட்டாள். அக்கா அதை எழுத வேண்டியிருந்தது. தன்னைத் திட்டிய வாக்கியத்தை, பத்தொன்பது வருடத்தில் எழுதாத அழகோடு எழுதினாள். எல்லாப் புள்ளியும் கெட்டி, ஏனென்றால் திட்டியவன் மனதாரத்தான் திட்டியிருக்கிறான். மாமாவின் பதில் வட்டத்தைத் தம்பி காலியாக விட்டிருந்தான். தானாக ஒரு சொல் போட்டால் மறுபடி அதே குற்றம், அதனால் அவளும் காலியாகவே விட்டாள். பின்னால் அது அப்படியே அச்சில் வந்தது. இந்த மாதிரி ஒரு நகைச்சுவை வந்ததே இல்லை என்று வாசகர்கள் கொண்டாடினார்கள். அதை விடுங்கள்.

புதன்கிழமை தம்பி பரணிலிருந்து பழைய கட்டுகளை இறக்கினான். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு முதல் நாளிலிருந்து ஆரம்பித்தான். அக்கா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள், ஆனால் காது முழுக்க அந்தப் பக்கம்தான். ஒவ்வொரு தாள் புரளும்போதும் தன் திருட்டு ஒவ்வொன்றாகப் பிடிபடுவது கேட்டது. மாப்பிள்ளையிடம் சொன்னது, ஓட்டை. வீட்டு வாடகை கேட்டு வந்தவரிடம் சொன்னது, ஓட்டை. பூனையிடம் சொன்னதுகூட ஓட்டை. வெயில் தாழும்போது தாள் புரள்வது நின்றது.

"அப்பாவா?" என்றான் தம்பி. மூன்று நாளில் தபால்காரி இல்லாமல் வந்த முதல் சொல்.

"ம்."

"சட்டையா?"

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். "அவர் முதல் தடவை நாளைக்குன்னு சொன்னப்பவே துணி இல்லடா. வேற ஒருத்தர் சட்டைக்கு ஒட்டுப் போட்டுட்டார். நான் பாத்தேன். நீ தினமும் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்த. சொல்ல வாய் வரல. அப்புறம் நீ மாமாவை வரைஞ்சு, இவர் மனசாரச் சொல்றவர்னு சொன்னப்ப, கை கேக்கல. உன்னைக் கேக்காம பண்ணினது தப்புதான்."

தம்பி ஜன்னலைப் பார்த்தான். ஆறு வயதுக்காரன் ஒருவன் ஐம்பத்திரண்டு வயது முகத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். நம்பிக்கொண்டு நின்றவன் அவன். நம்பியது பொய் என்று இத்தனை வருடம் கழித்துத் தெரிந்தால் யாருக்குத்தான் கூச்சமாக இருக்காது? ஐந்தாறு தாள்களை அக்காவின் பக்கம் தள்ளினான்.

"அப்போ இது என்ன? சிட்டு கவுன் கேக்கற இடம். அவகிட்ட சொல்ற நாளைக்கெல்லாம் கெட்டிப் புள்ளி. முழுசாப் பாத்துட்டேன். ஒரு தடவைகூட ஓட்டை இல்ல. மை தீந்து போச்சா, மனசு மாறிப் போச்சா?"

அக்கா தாளில் அலமாரியின் மேல் தட்டைத் தொட்டுக் காட்டினாள். மடித்து வைத்த கட்டம் போட்ட துணி. எந்தக் கட்டத்தில் மாமாவின் கடை வந்தாலும் அது அங்கே இருக்கும். பின்னால் எது மாறினாலும் அது மாறாது.

"அப்பாகிட்ட துணி இல்ல. மாமாகிட்ட இருக்கே. நீதானே தினமும் வரைஞ்சு வெக்கற. துணி இருக்கறவன் நாளைக்குன்னு சொன்னா அதை எப்படிடா பொய்னு எழுதறது?"

தம்பி தாளை வாங்கிப் பார்த்தான். அந்தத் துணியை அவன் கவனித்து வரைந்ததே இல்லை. அது இல்லாமல் கடையை வரைய அவனுக்கு வராது, அவ்வளவுதான். பூதக்கண்ணாடியை உறையில் போட்டான், எழுந்து போய்விட்டான். கோபம் போயிற்றா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

*

வியாழக்கிழமை காலையில் அக்கா வந்தபோது மேஜையில் தம்பி இல்லை. அன்றைய தாள் மட்டும் அவள் பக்கத்தில் இருந்தது. முதல் மூன்று கட்டத்தில் மாமாவும் அவர் மனைவியும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், பூனை மட்டும் முகத்தை மாற்றி மாற்றிப் பார்க்கிறது. கடைசிக் கட்டத்தில் மாமா சொல்கிறார்:

'எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல.'

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அதே கோழி கிளறிய எழுத்துதான். ஆனால் வாழ்க்கையிலேயே முதல் முறையாகத் தம்பி புள்ளி வைத்திருந்தான். மாமாவின் வழக்கமான வாக்கியத்தைப் போலவே இதற்கும் ஆறு புள்ளி. விரலால் தொட்டு எண்ணினாள். 'எனக்குக்'கில் இரண்டும் ஓட்டை. 'கோபம்', ஓட்டை. 'ஒண்ணும்', இரண்டும் ஓட்டை. பென்சிலைக் கூராகச் சீவி, வட்டம் கோணாமல், அக்கறையாகப் போட்ட ஓட்டைகள். கடைசிச் சொல்லான 'இல்ல'வின் தலையில் மட்டும், தாள் பளபளக்கும்படி அழுத்தி அழுத்தி நிரப்பிய ஒரு கெட்டிப் புள்ளி.

அக்கா சிரித்தாள். பிறகு கொஞ்சம் மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் மையைத் தொட்டு, அவன் வைத்தபடியே எழுதினாள். ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை.

வாசலில் தம்பியின் குரல் கேட்டது. "தொலைக்காட்சிக்காரங்க பதினோரு மணிக்கே வர்றாங்களாம். ராத்திரியே டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன், குரல்காரர் உன் தாளைப் பாத்து எல்லாத்தையும் பேசிட்டார். புளுகரைக் கூட்டிக்கிட்டுப் போகலாம், கிளம்பு."

"யாருடா புளுகர்?"

"மாமாவைச் சொன்னேன்."

அந்தப் பதிலில் புள்ளி எப்படி இருந்தது என்று அக்கா கேட்கவில்லை.

மூத்த அம்மாள் அன்றைக்குக் காபிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்தார். மாமா முதல் 'நாளைக்கு' சொல்லி முடிப்பதற்குள் பாதிக் காபி புடவைக்குப் போயிற்று. சிட்டுவிடம் சொல்லும் இடத்தில் குரல்காரர் தாளைப் பார்த்துக் கெட்டியாகச் சொல்லியிருந்தார், அலமாரியில் நீலக் கட்டம் தெரிந்தது, அந்த ஓர் இடத்தில் மட்டும் அறை அமைதியாக இருந்தது. முடிந்ததும் அம்மாள் புடவையைத் துடைத்துக்கொண்டே, இருபத்தாறு வாரத்துக்கு வேண்டும் என்றார்.

தலைப்பில் யார் யார் பெயர் என்ன வேலையோடு வர வேண்டும் என்று டைரக்டர் கேட்டபோது, தம்பி ஒரு தாளில் கிறுக்கிக் கொடுத்தான். 'கோடு: தம்பி. புள்ளி: அக்கா.' புள்ளி என்று ஒரு வேலை இருக்கிறதா என்று தொலைக்காட்சியிலிருந்து இரண்டு முறை கடிதம் வந்தது. இருக்கிறது என்று மட்டும் பதில் போனது. எழுத்துருக்காரர் விஷயம் தெரிந்து தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் நல்ல மனிதர் ஆயிற்றே, இரண்டு வகைப் புள்ளிக்கும் தனித்தனியாக விசை வைத்துக் கொடுத்தார். அந்த ஓட்டைப் புள்ளி விசையைத்தான் அந்த மூன்றாவது மாடியில் எல்லாரும் தங்கள் விடுப்புக் கடிதத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேள்வி.

தொடரின் நான்காவது வாரத்துக்கு அந்த வியாழக்கிழமைக் கட்டத்தையே கதையாக எடுத்துக்கொண்டார்கள். பதிவு அறையில் குரல்காரர் தாளோடு தடுமாறிப்போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அக்காவைக் கூப்பிட்டார்.

"அஞ்சு ஓட்டை, ஒண்ணு கெட்டி. ஒரே வாக்கியத்துல. இதை எப்படிக்கா சொல்றது?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி மும்முரமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்குப் போய் உங்க கூடப் பிறந்தவங்க யார்கிட்டயாவது சண்டை போடுங்க" என்றாள். "மூணு நாள் கழிச்சு வாங்க. தானா வரும்."